புதுப்பிப்பு: பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம், சிறிய இசைக்குழுவுக்கு

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ரெக்வியத்தை (இறந்தோர் நினைவாகப் பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் இசை) சிறிய குழுவுக்கு மாற்றும்போது முதல் பகுதியில் வயலின்களுக்கும் ஏதாவது கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. பிராம்ஸே அங்கே வயலின்களைச் சும்மா இருக்கவிட்டார். வயலினைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வயோலா, செல்லோக்களின் அந்த இருண்ட நிறம்தான் அந்தப் பகுதிக்கு உயிர். டிராம்போன் என்ற பித்தளைக் குழல்களின் வேலையை பாசூன் என்ற மரக்குழலுக்கும் இரண்டு ஹார்ன்களுக்கும் பிரித்துவிட்டேன்.

மண்டை காய்ந்தது மூன்றாம் பகுதியின் முடிவில் வரும் ஃபியூகில்தான் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்). அடியில் டி சுரம் கடைசிவரை நகராது. அந்தச் சுரத்தை அடிக்கும் டிம்பனி (பெரிய முரசு) ஓங்கினால் பாடகர்கள் மூழ்கிப்போவார்கள். 1867இல் வியன்னாவில் முதல் மூன்று பகுதிகளை வாசித்தபோது நடந்ததும் அதுதான். அதனால் டிம்பனியின் ஒலியைக் குறைத்து, சுரத்தைத் தாங்கும் பொறுப்பை டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியிடம் விட்டேன். ஒத்திகையில் டெனர்களின் (உயர்ந்த ஆண் குரல்கள்) ஒவ்வொரு நுழைவும் தெளிவாகக் கேட்டது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், ஆறாம் பகுதிக்கு டிரம்பெட் இல்லாமல் முடியாது. ஆள் தேடுகிறேன்.