மேவன் சக்சஸ் என்கிறது, ஜென்கின்ஸ் சிவப்பு, டெஸ்ட்லிங்க் காலி – அவசரம்

காட்பாடி_புதுசு (புதன், காலை 9.40)
வணக்கம். எங்கள் டெஸ்ட்கள் (ஜென்கின்ஸ் தானாகத் தொடங்கும், மேவன் பில்ட் செய்து ஓட்டும், முடிவு டெஸ்ட்லிங்க் என்ற டெஸ்ட் கேஸ் பட்டியலில் ஏறும்) திங்கள் வரை ஒழுங்காக ஓடின. நேற்றிலிருந்து ஜென்கின்ஸ் சிவப்பு, டெஸ்ட்லிங்கில் எல்லா கேஸும் 'நாட் ரன்' என்றே நிற்கிறது. கோடில் எதையும் மாற்றவில்லை. கோடு எழுதும் எக்லிப்ஸில் ரைட் கிளிக் செய்து ஓட்டினால் அத்தனையும் பச்சை. நாளை காலை ராணிப்பேட்டை பார்ட்டி வருகிறார்கள், ரிப்போர்ட் காட்டியாக வேண்டும். ப்ளீஸ் யாராவது சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம்_அக்கா (9.52)
டெஸ்ட் எழுதியிருப்பது ஜேயூனிட்டிலா டெஸ்ட்என்ஜியிலா? ஜென்கின்ஸில் என்ன கமாண்ட் கொடுத்திருக்கிறாய்? டெஸ்ட்லிங்குக்கு முடிவை அனுப்புவது ப்ளகினா, நீங்களே எழுதிய கோடா? லாகின் கடைசி முப்பது வரி எங்கே?

சிப்காட்_சர்வர் (9.58)
நேற்று மதியம் காட்பாடிப் பக்கம் கரண்ட் போனதே, அதுதான். பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னால் போய்விடும். ரிப்போர்ட் ஃபைலின் நேரத்தை ஜென்கின்ஸ் பார்க்கும், பழையது என்றால் ஏற்காது. பேட்டரியை மாற்றுங்கள். எங்கள் ஆபீஸில் இதே கதை.

வேலூர்க்கோட்டை (10.05)
தம்பி, "ஓடவில்லை" என்று இங்கே எழுதுவது, டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. பத்து வருடமாக இந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்து அலுத்துவிட்டது. மேவன் பில்ட்டின் கட்டங்கள் என்னென்ன என்று முதலில் படித்துவிட்டு வா.

காட்பாடி_புதுசு (10.20)
ஜேயூனிட் 4. கமாண்ட் மேவனின் 'எம்விஎன் டெஸ்ட்', அவ்வளவுதான். டெஸ்ட்லிங்குக்கு ஜென்கின்ஸ் ப்ளகின். பேட்டரி புதிது சார், தேதி சரியாகத்தான் காட்டுகிறது. ஜென்கின்ஸ், பில்ட் எல்லாம் ஒரே மெஷின். லாகில் 'பில்ட் சக்சஸ்' வருகிறது. அப்புறம் ஜென்கின்ஸ், 'ரிப்போர்ட்கள் இருக்கின்றன, ஆனால் எதுவும் புதியதில்லை, ஒரு ஃபைல் 1 நாள் 15 மணி பழையது' என்று ஏதோ சொல்கிறது.

சிப்காட்_சர்வர் (10.24)
பார்த்தீர்களா, நேரம்தான்!

தோட்டப்பாளையம்_அக்கா (10.31)
நேரம் இல்லை. 1 நாள் 15 மணி பின்னால் போனால் திங்கள் சாயங்காலம். மேவனின் 'டார்கெட்' ஃபோல்டருக்குள், டெஸ்ட்களை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் ப்ளகினின் ஃபோல்டரில் கிடப்பது திங்கள்கிழமை எழுதிய எக்ஸ்எம்எல் ரிப்போர்ட். பழையதை அழிக்கும் 'க்ளீன்' கமாண்டில் இல்லாததால் அது அப்படியே இருக்கிறது. நேற்றிலிருந்து டெஸ்ட் ஒன்றுகூட ஓடவே இல்லை என்று நினைக்கிறேன். லாகில் 'டெஸ்ட்ஸ் ரன்' என்ற வரி இருக்கிறதா? செவ்வாய்க்கிழமை என்ன மாற்றினீர்கள்? "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதே.

காட்பாடி_புதுசு (10.44)
அந்த வரி இல்லை அக்கா. ஓட்ட டெஸ்டே இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. கோடு மாற்றவில்லை, பெயர்தான் மாற்றினோம். டெஸ்ட்லிங்க் கேஸ் நம்பர் கிளாஸ் பெயரிலேயே தெரியட்டும் என்று லீட் சொன்னார். 'லாகின்டெஸ்ட்' என்று இருந்தது இப்போது 'விஎல்_12_லாகின்'. எந்த கேஸுக்கு எந்த கிளாஸ் என்று ப்ளகின் பார்க்கும் டெஸ்ட்லிங்க் கஸ்டம் ஃபீல்டிலும் பேக்கேஜோடு சேர்த்துப் புதுப் பெயரைப் போட்டுவிட்டோம்.

வேலூர்க்கோட்டை (10.47)
ஒரு மணி நேரம் கழித்து வெளியே வருகிறது. 🙂

தோட்டப்பாளையம்_அக்கா (10.58)
அதுவேதான். ஷ்யூர்ஃபயர் கிளாஸின் பெயரைப் பார்த்துத்தான் டெஸ்டைப் பொறுக்கும். பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட், டெஸ்ட்ஸ், டெஸ்ட்கேஸ் என்று முடிய வேண்டும். உங்கள் புதுப் பெயரில் இரண்டும் இல்லை. எக்லிப்ஸில் நீயே கிளாஸைக் காட்டி ஓட்டச் சொல்கிறாய், அதனால் அங்கே பச்சை. ஓட்ட எதுவும் கிடைக்காவிட்டால் மேவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது, சக்சஸ் என்று போட்டுவிட்டுப் போய்விடும். டெஸ்ட்என்ஜியில் ஓட்ட வேண்டிய கிளாஸ்களைப் பட்டியலிடும் சூட் ஃபைல் கொடுத்திருந்தால் இந்தப் பெயர் வம்பே வந்திருக்காது, அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.
மேவன் செட்டிங் இருக்கும் பாம் ஃபைலில் ஷ்யூர்ஃபயருக்கு 'இன்க்ளூட்ஸ்' கொடுத்து 'விஎல்_' என்று தொடங்குவதைச் சேர். கமாண்டில் 'க்ளீன்' போடு. 'ஃபெயில் இஃப் நோ டெஸ்ட்ஸ்' என்பதையும் ட்ரூ ஆக்கிவிடு, இனிமேல் பூஜ்யம் ஓடினால் மேவனே நின்றுவிடும்.

ஆம்பூர்_தோல் (11.10)
மொத்தம் எத்தனை கேஸ்? நாற்பது ஐம்பதுதானே இருக்கும்? இதற்கு டெஸ்ட்லிங்க், ப்ளகின், கஸ்டம் ஃபீல்ட் எல்லாம் எதற்கு? ஒரு எக்செல் போதும். நாங்கள் ஷூ கம்பெனி பில்லிங் முழுவதையும் எக்செல்லில்தான் கொடுத்தோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

தோட்டப்பாளையம்_அக்கா (11.16)
எக்செல்லில் 'பாஸ்' என்று ஒரு கட்டத்தில் அடித்து, மூலையைப் பிடித்துக் கீழே வரை இழுத்துவிட்டு, ஆறு மணி ரயிலுக்குக் காட்பாடி ஜங்ஷன் ஓடியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மெஷின் ஓட்டியதை மெஷினே எழுதட்டும்.

ஆம்பூர்_தோல் (11.19)
மெஷின் எழுதிய லட்சணம்தான் மேலே தெரிகிறதே. ஒன்றுமே ஓடாமல் சக்சஸ்! ஆள் இழுத்தால் திருட்டு, மேவன் இழுத்தால் ஆட்டோமேஷனா?

தோட்டப்பாளையம்_அக்கா (11.23)
அது நியாயமான கேள்வி. ஆனால் மாட்டிக்கொடுத்ததும் ஜென்கின்ஸ்தானே? பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு பச்சை காட்டாமல் சிவப்பாக நின்றது. உங்கள் எக்செல் என்றைக்காவது சிவப்பாகுமா?

வேலூர்க்கோட்டை (11.30)
தப்பு மேவனும் இல்லை, எக்செல்லும் இல்லை. கேஸ் நம்பரைக் கிளாஸ் பெயரில் திணித்த லீட். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள், ஆற்காடு ஊருக்குப் பெயர் மாறியதா? அடையாளம் ஃபீல்டில் இருந்தால் போதும், கிளாஸுக்கு எதற்கு?

சிப்காட்_சர்வர் (11.34)
மாவட்டம் பிரித்ததில் ராணிப்பேட்டைக்காரர்கள் எங்களுக்கு லாபம்தான் சார். கலெக்டர் ஆபீஸ் போக வேலூர் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆம்பூர்_தோல் (11.37)
எங்களைத் திருப்பத்தூருக்குத் தள்ளிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் இந்த இழை போதாது.

காட்பாடி_புதுசு (வியாழன், காலை 9.15)
பெயர்தான் அக்கா! இன்க்ளூட்ஸ் போட்டேன், 46இல் 43 ஏறிவிட்டது. 3 மட்டும் இன்னும் நாட் ரன். பார்ட்டி வந்துவிட்டார்கள், அப்புறம் வருகிறேன்.

தோட்டப்பாளையம்_அக்கா (9.21)
அந்த 3க்கும் டெஸ்ட்லிங்கில் புது வெர்ஷன் போட்டீர்களா? கஸ்டம் ஃபீல்ட் புது வெர்ஷனில் இருந்து, ஓட்ட வேண்டிய கேஸ்களைத் தொகுத்த டெஸ்ட் பிளானில் பழைய வெர்ஷனே நின்றால் பொருந்தாது. எக்ஸிக்யூஷன் டைப் 'ஆட்டோமேட்டட்' என்று இருக்கிறதா என்பதையும் பார்.

வேலூர்க்கோட்டை (9.40)
அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்க்ளூட்ஸ் கொடுத்தால் ஷ்யூர்ஃபயரின் பழைய விதி போய்விடும். பட்டியலில் உள்ளது மட்டும்தான் ஓடும். மூன்று கிளாஸின் புதுப் பெயர் 'விஎல்_' என்று தொடங்காமல் இருக்கும், அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நேற்றே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

தோட்டப்பாளையம்_அக்கா (9.44)
அதை நான் சொல்ல விட்டுவிட்டேன், சரிதான். தம்பி, இரண்டில் எது என்று வந்து சொல்.

குடியாத்தம்_டெஸ்டர் (நான்கு மாதம் கழித்து)
எனக்கும் இதே மாதிரி இரண்டு கேஸ் நிற்கிறது. பெயர், வெர்ஷன் இரண்டும் பார்த்தாகிவிட்டது. காட்பாடி நண்பரே, உங்களுடையது கடைசியில் எதனால்?