கழுகுமலை வெட்டுவான் கோவில்: 'தென்னகத்து எல்லோரா' என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

வெயில்பயணி:
போன ஞாயிறு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மதுரையிலிருந்து கழுகுமலை போய் வந்தேன். கோவில்பட்டி வரை ஒரு பஸ், அங்கிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். மலையில் ஏறி நிற்கும்போது மணி பன்னிரண்டு. 'தென்னகத்து எல்லோரா', 'பாண்டியரின் உலக அதிசயம்' என்று பத்து வீடியோ பார்த்துவிட்டுப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு பள்ளம், அதற்குள் ஒரே ஒரு சின்னக் கோவில். அதிலும் மேல்பாதிதான் கோவில், கீழ்ப்பாதி வெறும் பாறை. இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். என் பையன் "அப்பா, மீதி எங்கே?" என்று கேட்டான். நான் எல்லோராவுக்கும் போயிருக்கிறேன். கைலாசநாதர் கோவில் முன்னால் நிற்கும்போது கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். அதையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். மனதில் பட்டதைச் சொல்கிறேன், திட்டாதீர்கள்.

கரிசல்காட்டான்:
திட்டவில்லை அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்விதான். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது உச்சி வெயிலில், வயசான அம்மாவை வேறு கூட்டிக்கொண்டு மொட்டைப் பாறையில் ஏறினீர்களே, கோபம் கோவில் மேலா, வெயில் மேலா? நாங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுவோம், இல்லையென்றால் நாலரை மணிக்கு மேல்தான். சாயங்கால வெளிச்சம் விமானத்தில் சாய்ந்து விழும்போது பூதகணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு தெரியும். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் ஒரே வெள்ளையாய்க் கூசும். அந்த நேரத்தில் தாஜ்மகாலைப் பார்த்தாலும் "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வீர்கள்.

வெயில்பயணி:
நேரம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அம்மா பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் நான் கேட்டது அளவைப் பற்றி, முடிவடையாததைப் பற்றி. சாயங்காலம் போனால் மீதிக் கோவில் வளர்ந்துவிடுமா?

உளிச்சத்தம்:
அம்மி, ஆட்டுக்கல் கொத்திய குடும்பம் எங்களுடையது. நானும் பத்து வருஷம் உளி பிடித்தேன், இப்போது கிரானைட் கடை. அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கைலாசநாதர் கோவில் வெட்டப்பட்டது தக்காணத்து எரிமலைப் பாறையில். கழுகுமலையில் இருப்பது நம் ஊர்க் கருங்கல். இந்தக் கல்லில் ஒரு விரல் ஆழம் பொளிய எத்தனை தடவை உளி மழுங்கும் என்று கொத்தினவனுக்குத்தான் தெரியும். அரை மணிக்கு ஒரு தடவை உளி கொல்லன் உலைக்குப் போய், காய்ச்சித் தட்டி, கூராகித் திரும்பி வர வேண்டும். அப்படிப்பட்ட பாறையில் மூன்று பக்கமும் அகழி மாதிரி சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் ஒரு கல்லை மட்டும் விட்டுவைத்து, அதைக் கோவிலாக்கியிருக்கிறார்கள். சாரம் கிடையாது. இன்னும் வெட்டாத பாறைதான் தரை. அதன் மேல் நின்றுகொண்டு முதலில் சிகரத்தை முடித்து, அப்புறம் கழுத்து, அப்புறம் தளம் என்று கீழே இறங்கியிருக்கிறார்கள். கட்டுமானக் கோவிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஒரு பூதத்தின் மூக்கு போனால் போனதுதான்.

நீங்கள் 'மீதி எங்கே' என்கிறீர்கள். எனக்கு அந்த மீதிதான் முக்கியம். முடிந்த கோவிலில் சிற்பி தன் வேலையை மறைத்துவிடுவான். இங்கே தூண் என்று நினைத்த இடத்தில் சதுரக் கட்டையாய் நிற்கிறதே, பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பாருங்கள். வரிவரியாய் உளித்தடம். ஒரு கை அகலம் ஒரே சாய்வில் போகும், அப்புறம் சாய்வு மாறும். அந்த இடத்தில் கை மாறியிருக்கிறது, இல்லையென்றால் ஆளே மாறியிருக்கிறான்.

வெயில்பயணி:
நீங்கள் சொல்லும் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பாதி கட்டின வீட்டைக் காட்டி "செங்கல் அடுக்கியிருக்கிற அழகைப் பாருங்கள்" என்றால் குடியிருக்க வந்தவன் என்ன செய்வான்? கல்தச்சருக்கு அது பாடம். ஒரு லீவு நாளைச் செலவழித்து வருகிற சாதாரண ஆளுக்கு என்ன?

கரிசல்காட்டான்:
சாதாரண ஆளுக்கு மாமல்லபுரம் பிடிக்குமா பிடிக்காதா? அங்கே பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் எல்லாம் அடிப்பாகம் முடியாமல்தான் நிற்கின்றன. அதற்கு யாரும் "மீதி எங்கே" என்று கேட்பதில்லை. கடற்கரை, ஐஸ்கிரீம், பக்கத்தில் சென்னை. எங்கள் ஊருக்கு வந்தால் மட்டும் குறை கண்ணில் படுகிறது.

இன்னொன்று. முடியாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்டால் உங்கள் பையன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அப்பா சிற்பி மேலே சமணச் சிற்பங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தான். மகன் கீழே இந்தக் கோவிலை. மகன் வேலையை ஊரே புகழ்ந்தது அப்பன் காதில் விழுந்தது. பொறாமையில் கையிலிருந்த சுத்தியலை வீசினான், மகன் அங்கேயே விழுந்தான். அத்தோடு கோவிலும் நின்றது. எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவாள்.

வட்டெழுத்து:
இந்தக் கதையைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன். தந்தை மகன் சிற்பிக் கதை கர்நாடகத்துப் பேலூரில் ஜக்கணாச்சாரி என்ற சிற்பி பெயரில் இருக்கிறது. ஒடிசாவின் கோனார்க்கில் தர்மபதன் என்ற சிறுவன் கதை. எங்கே பெரிய கல்வேலை இருக்கிறதோ அங்கே ஒரு அப்பனும் மகனும் வந்துவிடுவார்கள். உளிச்சத்தம் அண்ணனே சொல்லட்டும், 25 அடி ஆழம் ஒரு பையன் தனியாக வெட்டினானா? பாறையைக் கழிக்கிற கூட்டம், உலைக்காரர்கள், சிலை முடிக்கிறவர்கள் என்று எத்தனை கைகள் பட்டிருக்கும். ஒருவன் செத்தால் ஒரு பட்டறையே நின்றுவிடுமா?

இதைவிட எனக்குக் கோபம் வேறு. இந்தக் கதையில் மேலே இருக்கும் சமணச் சிற்பங்கள் வெறும் 'பொறாமைக்கார அப்பனின் வேலை'. வெயில்பயணி, நீங்கள் அங்கே போனீர்களா?

வெயில்பயணி:
பலகை பார்த்தேன். கால் சுட்டது, திரும்பிவிட்டோம்.

வட்டெழுத்து:
அப்படியென்றால் நீங்கள் கழுகுமலையில் பாதிதான் பார்த்தீர்கள், அதுவும் சின்னப் பாதியை. அதே பாறையில் கொஞ்சம் தள்ளி, சிறிதும் பெரிதுமாய் நூற்றுக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் குருமார்கள், வரிசை வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்புப் படம். கொடி சுற்றிய கால்களோடு நிற்கும் பாகுபலி. பக்கத்தில் சிங்கத்தோடு அம்பிகா. கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், யார் செய்வித்தது என்று ஊரும் பேரும். அந்தப் பேர்களில் குரத்தியர் வருகிறார்கள், அதாவது பெண் ஆசிரியர்கள். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலை சமணர்களின் பள்ளி, அங்கே பெண்கள் பாடம் நடத்தினார்கள் என்பது கல்லில் இருக்கிறது. இதை விட்டுவிட்டுச் சுத்தியல் கதையைச் சொல்லி அழுகிறோம்.

'எல்லோரா' ஒப்பீடு பற்றியும் ஒன்று. அளவை வைத்துப் பார்த்தால் வெயில்பயணி சொல்வதுதான் சரி. ஆனால் எல்லோரா என்றால் கைலாசநாதர் மட்டுமா? 34 குடைவரைகள், அவற்றில் 12 பௌத்தம், 17 இந்து, 5 சமணம். ஒரே மலையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர். கழுகுமலையிலும் சிவன் கோவில் ஒரு பக்கம், தீர்த்தங்கரர் ஒரு பக்கம், அடிவாரத்தில் முருகன் குடைவரை. அந்த வகையில் அந்தப் பட்டம் பொருந்தும். வீடியோக்காரர்கள் தெரியாமல் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

கரிசல்காட்டான்:
கதையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார் தம்பி? கல்வெட்டு உங்களுக்கு, கதை எங்களுக்கு. என் பாட்டி வட்டெழுத்து படிக்கவில்லை, ஆனால் அந்தக் கோவிலைக் கும்பிடாமல் தாண்டியதில்லை. கருவறையில் யாரோ பிற்காலத்தில் வைத்த பிள்ளையார்தான் இருக்கிறார். அவருக்குத்தான் தேங்காய் உடைப்பாள்.

உளிச்சத்தம்:
கரிசல் அண்ணாச்சி, கோபம் வேண்டாம். தம்பி சொல்வது கணக்குப்படி சரி, ஒரு ஆள் வேலை இல்லை அது. ஆனால் எங்கள் வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்வார்கள், வேறு மாதிரி. அப்பன் கெட்டவன் இல்லை, மகன் உளிச்சத்தம் தன் சத்தத்தைவிடச் சீராய்க் கேட்டது பொறுக்கவில்லை என்பார்கள். கல்வேலை செய்கிற வீட்டில் அப்பா மகனுக்குள் இது உண்டு. என் அப்பா கடைசி வரை என் அம்மியை ஒரு தடவைகூட நன்றாய் இருக்கிறது என்று சொன்னதில்லை.

கரிசல்காட்டான்:
சரி, விடுகிறேன். வெயில்பயணி அண்ணாச்சி, கோவில்பட்டியில் கடலைமிட்டாயாவது வாங்கினீர்களா? புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய், அதிலும் குறை சொல்லிவிடாதீர்கள்.

வெயில்பயணி:
இரண்டு கிலோ. அதில் குறையே இல்லை.

எல்லோரா என்ற பேச்சு இல்லாமல், 'எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கருங்கல்லில் தொடங்கிய கோவில், பக்கத்தில் சமணப் பள்ளி' என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வேறு கண்ணோடு போயிருப்பேன். என் புகார் அந்த வீடியோக்கள் மேல்தான், அதை வாபஸ் வாங்கவில்லை. அம்மாவுக்குச் சமணச் சிற்பம் வரை நடக்க முடியுமா? மார்கழியில் முயற்சி செய்யலாமா?

வட்டெழுத்து:
மார்கழி நல்ல மாதம். தைப்பூசம், பங்குனி உத்திரம் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கீழே முருகன் கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. அம்மாவுக்குக் கைத்தடி ஒன்று, எல்லோருக்கும் தண்ணீர். படிகளில் மெதுவாக ஏறினால் போதும், சிற்பங்களுக்குக் கிட்டேயே ஒரு அய்யனார் கோவில் இருக்கிறது, உட்கார்ந்து இளைப்பாறலாம்.

உளிச்சத்தம்:
போகும்போது மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்த்துவிடுங்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் அவர் சும்மா உட்கார்ந்து உபதேசம் செய்வார், இங்கே மடியில் மிருதங்கம். பாறை விளிம்பில் நின்றால் விமானம் உங்கள் கண்மட்டத்துக்கு வரும். வேறு கோவிலில் தளத்துச் சிற்பத்தை நேருக்கு நேர் பார்க்க ஏணி வேண்டும். அந்த இடது கை விரல் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வெயில்பயணி:
அப்படி ஒரு சிற்பமா? நான் எடுத்த நாற்பது போட்டோவையும் இப்போது புரட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூட இல்லையே. எந்தப் பக்கம் இருக்கிறது?

உளிச்சத்தம்:
தெற்கே. தட்சிணாமூர்த்தி வேறெங்கே இருப்பார்?