காபி கடை மெனு, லோகோ மாற்றிய அனுபவங்களைக் கொட்டுங்கள்

கோடும்கட்டமும்:
லோகோவில் எந்தச் சிக்கலும் இல்லை. மெனுதான் இன்னும் உறுத்துகிறது. க்ரீம் தாளில் வெளிர்பழுப்பு எழுத்துதான் வேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதம். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்டாவது, அதாவது வெளிச்ச வேறுபாடாவது, வேண்டும் என்றேன். "அது வெப்சைட்டுக்கு" என்றார். புது மெனு வைத்த அன்று மாலை ஒரு பெரியவர் அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், அப்புறம் போனில் டார்ச் அடித்தார். கடைசியில் மூடி வைத்துவிட்டு, "எப்பவும் குடிக்கிறதே குடு" என்றார். உரிமையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மசிக்கறை:
எங்களுக்குக் கோப்பையில் வந்தது வினை. பழுப்பு கிராஃப்ட் தாள் கோப்பை, வெள்ளை லோகோ. திரையில் அள்ளியது. நாலு கலர் அச்சில் வெள்ளை மசியே கிடையாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிசைனரும் சொல்லவில்லை, பிரஸ்காரரும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் அத்தனையும் மொட்டைக் கோப்பை! வெளிச்சத்தில் சாய்த்துக்கூடப் பார்த்தோம். ஒரு பொட்டு இல்லை.

நடுவரி:
@கோடும்கட்டமும், பழியை நிறத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். கடையில் என்ன விளக்கு? மஞ்சள் வெளிச்சத்தில் க்ரீமும் பழுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் கதை சின்னது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் தமிழை ஒட்டிவிட்டார்கள். அட்டையில் 'மெனு' என்ற சொல்லில் கொம்பு ம-வுக்குப் பின்னால் போய் நின்றது, அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு.

இனி செய்பவர்களுக்கு: திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அசல் அளவில் ஒரு தாள் அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டி, வரிசையின் கடைசி ஆள் நிற்கும் இடத்தில் நின்று படியுங்கள். பூச்சில்லாத தாள் மசியை உறிஞ்சும், நிறம் மங்கும், பொடி எழுத்து தடித்துப்போகும். பளபள லேமினேஷன் போட்டால் எழுத்துக்குப் பதில் பல்புதான் தெரியும், மேட் போடுங்கள். பிரஸ்ஸுக்கு அனுப்பும்முன் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். விலை மாறும் என்பதால் உள்தாளைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். அப்புறம், லாட்டே, கப்புச்சீனோ, ஃப்ளாட் ஒயிட் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் அதிகம், பால் எவ்வளவு, நுரை எவ்வளவு என்று பக்கத்தில் அரை வரி போடுங்கள்.

கல்லாப்பெட்டி:
யாரும் கேட்காத பாடம், ஆனாலும் நன்றி :) எங்கள் கடையில் போர்டை மாற்றிய வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாசலிலேயே நின்று, "கடை கைமாறிடுச்சா?" என்று கேட்டார். உள்ளே அதே ஆட்கள், அதே காபி. டிராபிகானா மாதிரிப் பெரிய கம்பெனியே 2009-ல் ஜூஸ் பெட்டியில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவிட்டு, இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் சரிந்ததும் பழைய பெட்டிக்கே திரும்பியது. நாங்கள் பழைய சின்னத்தை மட்டும் போர்டின் மூலையில் திரும்ப ஒட்டினோம். கேள்வி நின்றது.

கோடும்கட்டமும்:
@நடுவரி, மஞ்சள் விளக்குதான், ஒத்துக்கொள்கிறேன். பகலில் ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தவர்களும் அதே டார்ச்சைத்தான் அடித்தார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?