மார்கழிப் பனியில் நாலரை மணி நடை: நல்லதா, வீம்பா?

கொங்குப்பொண்ணு:
கோவையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மார்கழி வந்தும் காலை நாலரைக்கே ரேஸ்கோர்ஸுக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறார். ஸ்வெட்டரை நீட்டினால் "நான் என்ன ஊட்டிக்கா போறேன்?" என்கிறார். திரும்பும் வழியில் கோயிலில் நெய் வழியும் பொங்கல் வேறு. வெயில் வந்தபிறகு போங்கள் என்று சொல்வது தப்பா?

விடியல்நடை:
தப்புதாங்க. கோவையில் பெரும்பாலும் 18 டிகிரி வாக்கில்தான் இறங்கும். இதைப் போய்க் குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். தலைக்குந்தாவில் புல் முழுக்க உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும்போதும் கேரட் தோட்டத்துக்கு ஆள் போகத்தான் செய்கிறது. நடையை ஏழு மணிக்குத் தள்ளினால் அது எட்டாகும், அப்புறம் "தை பிறக்கட்டும்" என்றாகும். மார்கழி விடியலில் ஓசோன் கீழே இறங்குகிறது, நுரையீரலுக்கு அவ்வளவு நல்லது. வாசலில் கோலம் போட வைத்ததே அதற்குத்தான்.

பனிக்குல்லா:
இந்த ஓசோன் கதை வருடா வருடம் மார்கழியோடு சேர்ந்து பிறக்கிறது சார். ஓசோன் படலம் இருப்பது சுமார் 15 கிலோமீட்டருக்கு மேலே. அது அதிகாலையில் நம் வாசலுக்கு வருவதில்லை. தரைப்பக்கம் இருக்கும் ஓசோன், வாகனப் புகையில் வெயில் பட்டு உண்டாவது. அது கூடுவது மதியத்துக்கு மேல், நுரையீரலுக்கும் கெடுதல். கோலம் அழகுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

விடியலில் உண்மையிலேயே கீழே தங்குவது புகைதான். ராத்திரி தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருக்கும் சூடான காற்று அதை எழும்ப விடாது. குப்பை எரித்த புகை, டீசல் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை அங்கேயே கிடக்கும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே இறங்க விடவில்லை.

பிரஷர் விஷயம் தனி. குளிர் பட்டதும் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். தூங்கி எழுந்த வேளையில் அது எப்படியும் ஏறுகிற ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் எதற்கு வரவழைக்க வேண்டும்? காதை மூடும் குல்லாவாவது வேண்டும். நெஞ்சில் இறுக்கம், மூச்சு வாங்கல் என்றால் அன்றைக்கு நடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

விடியல்நடை:
ஓசோன் இல்லாவிட்டால் போகிறது. நேரத்தைத் தள்ளினால் நடையே நின்றுபோகும் என்றேனே, அதற்குப் பதில் வரவில்லையே? எனக்கு ஆறேகாலுக்கு மில் பஸ். சாயங்காலம் இறங்கும்போது இருட்டு, எதிரிலேயே பஜ்ஜிக் கடை. வெயில் வந்தபிறகு நட என்பது வீட்டில் இருப்பவர்களுக்கான யோசனை.

சுக்குமல்லி:
நடையை விடுங்க, வாய்க்கு வாங்க. குளிர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் நிற்பது கீரையும் தயிரும், "சளி பிடிக்கும்" என்று. சளி வைரஸால் வருகிறது, கீரை என்ன பாவம் செய்தது? தாகம் தெரியாததால் தண்ணீரும் குறைந்துவிடும். ஆனால் சுடச்சுட போண்டாவுக்கு மட்டும் தடையே இல்லை.

மொச்சையும் அவரையும் வந்து குவிகிற நேரம் இது. கொள்ளை ராத்திரியே ஊறவைத்து வேகவைத்து, தண்ணீரை வடித்து மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்தால் கொள்ளுப் பருப்பு. அப்பாவுக்கு இரண்டையும் கொடுங்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்?

பனிக்குல்லா:
கொள்ளு நல்லதுதான், 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ஆனால் கொள்ளு தின்றால் கொழுப்பு தானாகக் கரையும் என்பதற்குப் பழமொழியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதன்மேல் இரண்டு கரண்டி நெய் ஊற்றுவார்கள். பிரஷர்காரருக்கு நெய்யைவிட முதலில் பார்க்க வேண்டியது உப்பு. பொங்கலில் இருப்பதும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள்.

மில் பஸ் சார், உங்களுக்கு நாலரை மணியைத் தவிர வழியில்லை என்பது சரி. ஆனால் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மில் வளாகத்தில் நடக்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?

விடியல்நடை:
மதியம் நடந்தால் சூப்பர்வைசர் வேலை கொடுப்பார்!

கொங்குப்பொண்ணு:
அப்பாவிடம் ஏழு மணி என்று சொல்லிப் பார்த்தேன். புகை, பிரஷர் எதற்கும் மறுப்பே இல்லை. "ஏழு மணிக்கு எங்க செட்டு டீ குடிச்சுட்டுக் கலைஞ்சுருமே" என்கிறார். இப்போது என்ன செய்வது?

சுக்குமல்லி:
செட்டில் எத்தனை பேருக்கு மில் பஸ்? எல்லாரும் பென்ஷன்காரர்கள் என்றால் செட்டையே ஏழுக்கு மாற்றச் சொல்லுங்கள். டீக்கடை அப்போதும் திறந்துதான் இருக்கும்.