ஆஸ்டினில் பத்து வாரம் தங்க ஒரு மாணவிக்கு இடம் வேண்டும்

ஆஸ்டின் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

நம் டெக்சாஸிலேயே மெக்சிகோ எல்லையை ஒட்டிய மெக்காலனில், வார இறுதிகளில் நான் நிரலெழுதக் கற்றுக்கொடுக்கும் மாணவி ஒருத்திக்காக இதை எழுதுகிறேன். மெக்சிகோவிலிருந்து குடியேறிய அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். பெற்றோரின் வருமான விவரங்களைக் கேட்கும், அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை அவர்களுக்கு ஸ்பானிய மொழியில் வரிக்கு வரி விளக்கியபடியே தானே நிரப்பி, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றுப் படிக்கிறாள். தம்பிகள் உறங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் சோள ரொட்டிக் கூடையை ஒதுக்கிவிட்டு அவள் ஜாவா மொழியில் நிரலெழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆஸ்டினில் கோடைக்காலப் பயிற்சிப் பணி கிடைத்திருக்கிறது. ஆனால், மணமாகும்வரை பெண் வெளியில் தங்கக் கூடாது என்று தாய் உறுதியாக இருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நம் வீடுகளிலும் கேட்ட பேச்சுத்தான் அது. மெக்சிகோ வம்சாவளியினரான எல்லன் ஓச்சோவா 1993இல் விண்வெளிக்குச் சென்றதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், 500 கிலோமீட்டருக்கு அப்பால் தன் மகள் இரவில் யார் வீட்டில் இருப்பாள் என்று மட்டும் கேட்டார்.

பெண்கள் உள்ள குடும்பத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா? ஸ்பானிய மொழி பேசும் பெண் பொறியாளர் எவரேனும் உங்களுடன் பணிபுரிந்தால், அந்தத் தாயுடன் ஒருமுறை தொலைபேசியில் பேசச் சொல்ல இயலுமா? தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.