மடக்குக் கத்தியின் பூட்டு நழுவுகிறது

ரங்கூனில் மூன்று மாதங்களுக்கு முன் நடைபாதைக் கடையில் ஒரு சீன மடக்குக் கத்தி வாங்கினேன். அலகில் எஃகின் வகை 440 என்று மட்டும் பொறித்திருக்கிறது. 440ஏ-யா, கரிமம் கூடிய 440சி-யா என்று இல்லை. (விலையைப் பார்த்தால் ‘சி’யாக இருக்க வாய்ப்பில்லை.) கூர் மழுங்குவதைப் பொறுத்துக்கொள்வேன், 1000 எண் கல்லில் தீட்டினால் இரண்டு நாள் தக்காளித் தோல் வழுக்காமல் அறுபடுகிறது.

தொல்லை பூட்டில்தான். தேங்காய்க் கயிற்றை அறுக்கும்போது திறந்த அலகை மடங்காமல் தாங்கும் உட்பக்கத் தகடு நழுவி, அலகு விரல்மேல் மடங்குகிறது. அச்சுத் திருகை இறுக்கினேன். கத்தி திறக்க மறுத்தது. தளர்த்தினால் அலகு ஆடுகிறது. பிரித்துத் துருவைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் விட்டும் பயனில்லை. தகட்டின் முனை, அலகின் அடியை ஓரத்தில் மட்டுமே தொடுகிறது.

தகட்டைச் சற்று உள்பக்கம் வளைத்தால் பூட்டு பிடிக்குமா?