வாடைக்காற்றில் கோவா, கரட், பீற்றூட் சரிவருமா?

பரந்தன் வளவு:
வணக்கம். வயலோரத்தில் கால் ஏக்கர் காணி இருக்கிறது. களிமண், வடக்கும் கிழக்கும் வெறும் வெளி. இந்த மாரிக்குக் கோவா (முட்டைக்கோஸ்), கரட், பீற்றூட் வைக்க ஆசை. ஆனால் வாடை தொடங்கினால் இரவு பகலாக நாற்றை ஆட்டி அடித்தண்டையே தேய்த்துவிடுகிறது, வீட்டிலும் இதெல்லாம் நுவரெலியா மரக்கறி என்கிறார்கள். குளிருக்கு ஏதாவது மூட வேண்டுமா? 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் மாடுகளே செத்த ஊர் இது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

முள்ளியவளைக் கமம்:
தங்கச்சி, அந்த மாடுகள் மழையில் நனைந்தபடி காற்றிலும் நின்றுதான் விறைத்தன. நமக்குத் தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது, நுவரெலியா மாதிரி உறைபனி இல்லை, ஆகவே குளிருக்கு மூடத் தேவையில்லை. கோவா தலை கட்ட அந்தக் குளிர்தான் வேண்டும். பிந்தி நட்டுப் பங்குனி வெயிலில் மாட்டினால் இலைதான் மிஞ்சும். ஐப்பசிக் கடைசியில் நாற்றுமேடை போடுங்கள், மழை அடிக்காமல் மேலே பொலித்தீன் வளைத்துக் கட்டுங்கள், நாலு கிழமையில் நடலாம், மாசியில் வெட்டலாம். விதை வாங்கும்போது சூடு தாங்கும் இனமா என்று கேளுங்கள்.

காற்றுக்கு வடக்கிலும் கிழக்கிலும் வேலி. தகரம் மட்டும் வேண்டாம், காற்று மேலால் ஏறி மறுபக்கம் விழுந்து சுழற்றும். கிடுகையோ பனைமட்டையையோ காற்றுக் கொஞ்சம் ஊடுருவும்படி கட்டினால் ஆறடி வேலி ஐம்பது அடி தூரம் வரைக்கும் வேகத்தைத் தணிக்கும். நாற்றை அடியிலைகள் மண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக நட்டு, இரண்டு கிழமை கழித்து மண் அணையுங்கள், பிறகு ஆடாது.

கனகராயன்குளம்:
அண்ணை சொன்ன வேலி சரி, ஆனால் அந்த மண்ணில் கரட்டை விடுங்கள் அக்கா. களியில் கிழங்கு கவராகும், கோணும். பீற்றூட் பாதி மண்ணுக்கு மேலேயே பருக்கும், அதனால் தப்பும். விதையை இரவு ஊறவைத்துப் போடுங்கள், ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வரும், ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் வடிகால்! காற்றைவிட நின்ற வெள்ளம்தான் எங்கள் பக்கம் கூடுதலாக அழிக்கிறது. ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி, நிறைய மாட்டெரு.

பரந்தன் வளவு:
நன்றி இரண்டு பேருக்கும். பனைமட்டை பக்கத்து வளவில் கிடக்கிறது. கரட்டை ஒரே ஒரு பாத்தியில் ஆற்றுமணல் கலந்து போட்டால்?

கனகராயன்குளம்:
போடலாம், ஆனால் கொஞ்ச மணல் காணாது, களியோடு சேர்ந்து இறுகிவிடும். அந்தப் பாத்திக்கு மணலும் மக்கிய எருவும் தனியாகக் கொட்டி உயர்த்துங்கள். விதையை நேரே போடுங்கள், நாற்றுப் பிடுங்கி நட வேண்டாம்.